பிரமிட் ஏரி டிரௌட் மீன் மீட்பு

பிரமிட் ஏரி டிரௌட் மீன் மீட்பு என்பது, ஐக்கிய அமெரிக்காவின் நெவாடா மாநிலத்திலுள்ள பிரமிட் ஏரியில் 1940களில் முற்றாக அழிந்துபோன லகோண்டன் கட்துரோட் டிரௌட் மீனை அங்கே மீண்டும் நிலைபெறச் செய்யும் முயற்சியைக் குறிக்கும். ஏரியில் மீன் குஞ்சுகளை விடுவது இம்முயற்சியின் எளிய பகுதியாகவே இருந்தது. ஏரிக்குரிய வழிமரபைக் கண்டறிவதற்கும், மீன் முட்டையிட ஏறிச்செல்லும் ஆற்றுக்கு நீரைப் பெற்றுத் தருவதற்குமே பல பத்தாண்டுகள் தேவைப்பட்டன.

ஏரியும் மீனும்

பனியுகத்தில் நெவாடாவின் வடமேற்குப் பகுதியில் சுமார் 22,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் பரந்திருந்த லகோண்டன் ஏரியின் எச்சமே பிரமிட் ஏரி ஆகும். டாகோ ஏரியில் தோன்றும் டிரக்கி ஆறு இதில் வந்து முடிகிறது. ஏரியிலிருந்து வெளியேறும் ஆறு எதுவும் இல்லை. வரும் நீர் ஆவியாவதால் மட்டுமே குறைகிறது. எனவே ஏரி நீர் சற்று உப்புத்தன்மை உடையது. ஏரி முழுவதும் பையூட் பழங்குடியினரின் ஒதுக்கீட்டு நிலத்துக்குள் அமைந்துள்ளது.

கட்துரோட் என்னும் பெயர், தாடையின் அடியில் வெட்டுக்காயம் போலத் தோன்றும் சிவப்புக் கீற்றினால் வந்தது. பிற டிரௌட்டுகள் பெரும்பாலும் குளிர்ந்த ஓடைகளில் சிறு பூச்சிகளைத் தின்று வாழ, இம்மீன் பேரேரியில் பிற மீன்களை வேட்டையாடி மிகப் பெரிதாக வளர்ந்தது. 1844 சனவரியில் இங்கு வந்து ஏரிக்குப் பெயரிட்ட ஜான் பிரிமாண்டின் குழுவினருக்குப் பையூட் மக்கள் இம்மீனையே உணவாக அளித்தனர். பின்னர் ரெனோவுக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் தொடர்வண்டியில் மீன் அனுப்பப்பட்டது. 1925 ஆம் ஆண்டு பையூட் இனத்தவர் ஒருவர் பிடித்த 41 பவுண்டு (சுமார் 18.6 கிலோகிராம்) எடையுள்ள மீன், கட்துரோட் இனத்தில் இன்றுவரை முறியடிக்கப்படாத சாதனை ஆகும்.

அழிவு

1905 ஆம் ஆண்டு டிரக்கி ஆற்றின் குறுக்கே டெர்பி அணை கட்டப்பட்டது. ஆற்று நீரின் பெரும்பகுதி கால்வாய் வழியாக வேறொரு ஆற்றுப் படுகைக்குத் திருப்பப்பட்டு, பாலைநிலத்தில் குதிரைமசால் போன்ற தீவனப் பயிர்கள் விளைவிக்கப் பயன்பட்டது. மீன்கள் அணையைத் தாண்டிச் செல்ல இயலவில்லை. ஏரியின் மட்டம் 1967க்குள் சுமார் 24 மீட்டர் தாழ்ந்தது. அருகிலிருந்த வின்னமக்கா ஏரி 1930களின் முடிவில் முழுவதும் வற்றிப்போனது.

மட்டம் தாழ்ந்ததும் ஆற்றின் முகத்தில் அகன்ற வண்டல் திட்டு வெளிப்பட்டது. அதன்மேல் ஆழமின்றிப் பரந்தோடிய நீரில் பெரிய மீன்களால் ஏற முடியவில்லை. டிரௌட் ஓடும் நீரிலுள்ள சரளைக்கற்களிடையே மட்டுமே முட்டையிடும்; ஏரியில் எவ்வளவு இரை இருந்தாலும் இனம் பெருகாது. ஆற்றில் கடைசியாக 1938 ஆம் ஆண்டு மீன்கள் ஏறின. அவற்றின் சராசரி எடை சுமார் 9 கிலோகிராம்; அதாவது அவை முதிர்ந்த மீன்கள், இளையவை இல்லை. சில ஆண்டுகளில் இனம் மறைந்தது. அதே ஏரியில் மட்டும் காணப்படும் கூயி-உயி என்னும் மீன் 40 ஆண்டுகள் வரை வாழக்கூடியது. முட்டையிட இயலாத நீண்ட காலத்தைத் தாக்குப்பிடிக்க அந்த ஆயுள் அதற்கு உதவியது.

வழிமரபைத் தேடல்

1950களிலிருந்து பிற ஏரிகளின் கட்துரோட் மீன்கள் பிரமிட் ஏரியில் விடப்பட்டன. அவை வாழ்ந்தன, தூண்டிலிலும் சிக்கின. ஆனால் பழைய மீன்களின் அளவை எட்டவில்லை. இதனால் பழைய பருமன் என்றென்றைக்கும் போய்விட்டதாகவே கருதப்பட்டது.

1970களின் பிற்பகுதியில், நெவாடா எல்லையை ஒட்டி, பைலட் சிகரத்தின் யூட்டா மாநிலப் பக்கத்திலுள்ள சிற்றோடை ஒன்றில் கட்துரோட் மீன்கள் கண்டறியப்பட்டன. இவை பிரமிட் ஏரியிலிருந்து 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாரோ கொண்டுவந்து விட்டவற்றின் வழித்தோன்றல்கள் என்று மீனியல் அறிஞர் ராபர்ட் பென்கே கருதினார். தாண்டிவிடக்கூடிய அகலமே உள்ள ஓடையில் அவை சிறிய மீன்களாகவே இருந்தமையால் இக்கருத்தை எல்லோரும் உடனே ஏற்கவில்லை. அருங்காட்சியகங்களில் உள்ள பழைய மாதிரிகளோடு ஒப்பிட்டுச் செய்யப்பட்ட மரபணு ஆய்வுகள் பின்னர் அதனை உறுதிப்படுத்தின. 1995 ஆம் ஆண்டு நெவாடாவின் கார்ட்னர்வில்லிலுள்ள கூட்டரசு மீன் பொரிப்பகத்தில் இவ்வழிமரபின் தாய்மீன்கள் வளர்க்கப்படத் தொடங்கின. 2006 ஆம் ஆண்டு குஞ்சுகள் ஏரியில் விடப்பட்டன. அடுத்த பத்தாண்டுக்குள் 9 கிலோகிராமுக்கு மேற்பட்ட மீன்கள் பிடிபட்டன.

நீருக்கான வழக்குகள்

மீன் பொரிப்பகத்தைவிட நீதிமன்றமே இவ்வரலாற்றில் நீண்ட இடம் பெறுகிறது. டிரக்கி ஆற்று நீரைப் பங்கிட்ட 1944 ஆம் ஆண்டுத் தீர்ப்பாணை பையூட் மக்களுக்குப் பாசன நீரை மட்டுமே வழங்கியது. மீனுக்கு எதுவும் ஒதுக்கவில்லை. அதனை மறுபடி திறக்க வேண்டும் என்ற கோரிக்கையை 1983 ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் நிராகரித்தது. ஆயினும் அழிவுநிலை உயிரினங்கள் சட்டம் வேறொரு வழியைத் தந்தது. ஸ்டாம்பீட் நீர்த்தேக்கத்தின் நீரைக் கூயி-உயி, டிரௌட் ஆகிய மீன்களுக்காக விடுவது செல்லும் என 1984 ஆம் ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவ்வாறு விடப்பட்ட நீரால் ஆற்றங்கரையில் பாப்லர் வகை மரங்கள் தாமாகவே முளைத்தது எதிர்பாராத நன்மையாகும். நிழல் ஆற்றைக் குளிர்விக்கிறது, டிரௌட்டுக்குக் குளிர்ந்த நீர் தேவை. 1990 ஆம் ஆண்டு உடன்பாட்டுச் சட்டத்தின்படி வகுக்கப்பட்ட ஆற்று இயக்க ஒப்பந்தம் 2015 ஆம் ஆண்டு இறுதியில்தான் நடைமுறைக்கு வந்தது.

தற்போதைய நிலை

2014 ஆம் ஆண்டு டிரக்கி ஆற்றில் மீன்கள் இயற்கையாக முட்டையிட்டது கண்டறியப்பட்டது; 1938க்குப் பின் 76 ஆண்டுகள் கழித்து இது நிகழ்ந்தது. மீன்கள் பாசனக் கால்வாய்க்குள் புகாமல் தடுக்கும் சல்லடை அமைப்பு டெர்பி அணையில் 2020 ஆம் ஆண்டு நிறைவுபெற்றது. இருப்பினும் ஏரியின் மீன்வளம் பெரும்பாலும் பொரிப்பகங்களையே சார்ந்துள்ளது. பையூட் மக்கள் தாமே பொரிப்பகங்களை நடத்துவதுடன் தூண்டில் உரிமக் கட்டணத்தால் வருவாயும் பெறுகின்றனர். பெரிய மீன்கள் பிடிபடுவதைக் கொண்டு இனம் மீண்டுவிட்டது என்று கொள்வதற்கில்லை. 1970 ஆம் ஆண்டு அழியும் நிலையில் உள்ளதாக அறிவிக்கப்பட்டு, 1975 ஆம் ஆண்டு ஒரு படி தளர்த்தப்பட்டு அச்சுறு நிலைக்கு மாற்றப்பட்ட இம்மீன், இன்னும் அப்பட்டியலிலேயே உள்ளது.