செண்டுமல்லி நாற்றின் முதல் முப்பது நாள்

மாசி மாதம். சேலம், நாமக்கல் சமவெளியில் விடிகாலையில் பனி இறங்குகிறது. பத்து மணிக்கே வெயில் சுள்ளென்று அடிக்கிறது. இப்போது விதைக்கும் செண்டுமல்லி வைகாசி முகூர்த்தங்களுக்குப் பூத்து, சேலம் வ.உ.சி. பூ மார்க்கெட்டுக்கும் பரமத்தி வேலூர் ஏலத்துக்கும் வந்து சேரும். மெக்சிகோவில் பிறந்து நம் மாலைகளில் குடியேறிய இந்தச் செடியின் முதல் மாதம் கழிவது வயலில் அல்ல, நிழல்வலைக் குடிலில்.

குளிர் நாடுகளில் பனிக்காலக் கடைசியில் பூ விதைகளை வீட்டுக்குள் வைத்துக் கதகதப்பில் முளைக்க விடுவார்கள். நம் ஊரில் சூட்டுக்குப் பஞ்சமில்லை. வெயிலைப் பாதியாகக் குறைக்கத்தான் இங்கே கூரை.

வீரிய ஒட்டு விதை விலை கூடியது. ஒன்றும் வீணாகக் கூடாதென்று 98 குழிகள் உள்ள தட்டில் குழிக்கு ஒரு விதை போடுகிறார்கள். குழியில் மண்ணுக்குப் பதில் மக்கிய தென்னை நார்க்கழிவு. அது தன் எடையைப்போலப் பல மடங்கு நீரைப் பிடித்துவைக்கும். வேருக்குக் காற்றும் விடும்.

விதைத்த தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாலித்தீன் தாளால் மூடினால், நான்கைந்து நாளில் முளை தெரியும். அன்றே பிரித்துப் பரப்பிவிட வேண்டும். தாமதித்தால் வெளிச்சம் தேடித் தண்டு வெளிறி நீளும்; பிறகு நிமிராது. நீர் மிஞ்சினாலோ நாற்றழுகல் வந்து தண்டின் அடி கறுத்துச் சாயும். காலையில் பூவாளியால் தெளித்து, மாலைக்குள் இலை உலர விடுவதே நல்ல காவல்.

குழியின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. தட்டைத் தரையில் படாமல் உயர்த்தி வைத்தால், துளைக்கு வரும் வேர்நுனி காற்றுப் பட்டுக் காய்ந்துவிடும். உடனே பக்கவேர்கள் கிளைத்து நார்க்கழிவைச் சுற்றிப் பின்னிக்கொள்ளும். அதனால்தான் நடும்போது வேர் அறாமல் நாற்று கட்டியோடு வருகிறது.

25 முதல் 30 நாளில் நாற்று தயார். கடைசி சில நாள் நீரைக் குறைத்து, வெயிலுக்குப் பழக்க வேண்டும். நிழலிலேயே செல்லமாக வளர்ந்தது வயலில் துவண்டுபோகும்.

நாற்று வாங்கப் போகிறவர்கள் உயரத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒன்றை மெல்ல எடுத்துப் பாருங்கள். குட்டையான, தடித்த தண்டும், உதிராத கட்டியில் வெள்ளை வேரும் இருந்தால் நம்பி நடலாம்.