ஊரே திட்டிய மனிதருக்காக ஊரே அழுதது!

இரவு மணி 9.30. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணிக்கடைகளின் ஷட்டர்கள் இறங்கத் தொடங்கும் நேரம். நாள் முழுவதும் சேலையும் நைட்டியும் எடுத்துக் காட்டிய பெண்கள் வீடு திரும்புவார்கள். அடுப்பில் ஒரு கண், டெலிவிஷனில் ஒரு கண்!

2022, 2023-ம் ஆண்டுகளில் அந்த நேரத்தில் இங்குள்ள சந்துகளில் நடந்தவர்களுக்கு அடுத்தடுத்த வீடுகளில் இருந்து ஒரே குரல் கேட்கும். "ஏய்... இந்தாம்மா... ஏய்!"

அதுதான் ஆதி குணசேகரனின் குரல்.

சன் டி.வி.யில் 2022 பிப்ரவரி 7-ந் தேதி தொடங்கிய "எதிர்நீச்சல்" தொடரில் வரும் பாத்திரம் அவர். (1968-ல் கே.பாலசந்தர் எடுத்த படத்துக்கும் இதே பெயர்தான். ஆனால் கதை வேறு.) தொடரை இயக்கியவர் திருச்செல்வம். 2003 முதல் 2009 வரை தேவயானி நடித்து ஓடிய "கோலங்கள்" தொடரும் இவர் கைவண்ணமே.

நாலு மருமகள்கள்

குணசேகரன் மதுரைப் பக்கத்துப் பணக்காரர். அவருக்கு மூன்று தம்பிகள். ஆக, வீட்டில் நாலு மருமகள்கள். ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, ஜனனி. படித்த பெண்கள்! ஆனால் யாரும் வேலைக்குப் போகக் கூடாது. அண்ணன் சொன்னதுதான் சட்டம். பொழுது விடிந்தால் சமையற்கட்டு, பொழுது சாய்ந்தாலும் சமையற்கட்டு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வண்ணாரப்பேட்டையில் பெண் வேலைக்குப் போவது புதிய சங்கதி அல்ல. மீன் விற்பவர்கள், இட்லிக்கடை போடுபவர்கள், தையல் மிஷினில் குனிந்திருப்பவர்கள், கடையில் நிற்பவர்கள் என்று சம்பாதிக்கும் பெண்கள் நிறைந்த வட்டாரம் இது. கடை ஊழியர்கள் உட்கார நாற்காலி தர வேண்டும் என்று தமிழக சட்டசபையில் சட்டத்திருத்தம் நிறைவேறியது 2021-ல்தான். அதுவரை நின்றே கால் வீங்கியவர்கள் எத்தனையோ பேர்! இப்படிப்பட்டவர்களுக்கு, "வேலைக்குப் போகாதே" என்று அதட்டும் ஒருவர் ஏன் பிடித்தார்?

பிடித்தது என்று சொல்லக் கூடாது. திட்டப் பிடித்தது! சம்பளத்தைக் கொண்டுவந்து கொடுத்த பிறகும், "எங்கே போனாய்? ஏன் இவ்வளவு நேரம்?" என்ற கேள்வி எத்தனை வீடுகளில் காத்திருக்கிறது! வீட்டில் இருப்பவரிடம் சொல்ல முடியாததைப் பெட்டிக்குள் இருப்பவரிடம் சொல்லலாம் அல்லவா? அரை மணி நேரம் வாய் நிறையத் திட்டலாம். அவர் திருப்பி அடிக்க மாட்டார்.

வடசென்னையில் "இன்னாம்மா" என்பார்கள். குணசேகரனோ "இந்தாம்மா" என்பார். அந்தத் தெற்கத்திப் பேச்சு இங்குள்ள பிள்ளைகள் வாயிலும் புகுந்துகொண்டது.

அந்தக் குரலுக்கு உரியவர்

குணசேகரனாக நடித்தவர் ஜி.மாரிமுத்து. தேனி மாவட்டத்துக்காரர். டைரக்டர் ஆகவேண்டும் என்று சென்னைக்கு வந்தவர். கவிஞர் வைரமுத்துவிடம் சில காலம் உதவியாளர். பிறகு பல டைரக்டர்களிடம் உதவியாளர். "கண்ணும் கண்ணும்" (2008), "புலிவால்" (2014) என்று இரண்டு படங்களை இயக்கினார். இரண்டும் அவரை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. "பரியேறும் பெருமாள்" (2018) போன்ற படங்களில் நடிகராகப் பெயர் வாங்கினார். ஆனால் தெருவில் இறங்கினால் பெண்கள் அடையாளம் கண்டு கோபிக்கிற அளவுக்கு அவரை ஆக்கியது இந்த ஒரு வில்லன் வேடம்தான்.

அந்த வில்லனிடம் ஒரு நையாண்டி இருந்தது. தோற்றபோது முழிக்கிற முழியில் சிரிப்பு வந்தது. கொடுமைக்காரனைப் பார்த்துச் சிரிக்க முடிந்தால் பயம் பாதி போய்விடும். என் கணிப்பில், தொடரின் வெற்றிக்கு இதுவே முதல் காரணம்.

2023 ஆகஸ்டு 10-ந் தேதி ரஜினிகாந்தின் "ஜெயிலர்" படம் வெளிவந்தது. அதிலும் மாரிமுத்து நடித்திருந்தார். ஒரு மாதம்கூட ஆகவில்லை. செப்டம்பர் 8-ந் தேதி காலை, சென்னையில் "எதிர்நீச்சல்" தொடருக்காகவே டப்பிங் பேசிக்கொண்டிருந்தார். நெஞ்சில் வலி. ஆஸ்பத்திரிக்குச் சென்றார். மாரடைப்பு! உயிர் பிரிந்தது. அறுபது வயதுகூட நிரம்பவில்லை.

"நாசமாய்ப் போக" என்று முந்தின இரவு சபித்த தாய்மார்கள் அன்று முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். திட்டியது குணசேகரனை. அழுதது மாரிமுத்துவுக்காக. இந்த வித்தியாசத்தை அவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை!

இவருக்குப் பதில் இவர்

நடிகர் போய்விட்டார். பாத்திரத்தை என்ன செய்வது?

"இவருக்குப் பதில் இவர்" என்று ஒரு வரி எழுதிக் காட்டிவிட்டு மறுநாளே வேறு முகத்தைக் கொண்டுவருவது நம் தொடர்களில் சகஜம். இங்கே அது அத்தனை சுலபமாக இல்லை. குணசேகரன் வீட்டைவிட்டுப் போய்விட்டதாகக் கதை நகர்ந்தது. சில வாரங்களுக்குப் பிறகு அந்த வேடத்தில் வந்தவர் எழுத்தாளர் வேல ராமமூர்த்தி. ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். "குற்றப் பரம்பரை" நாவலை எழுதியவர். கனத்த மீசை, கனத்த குரல். அவர் முறைத்தால் பயமாக இருந்தது. ஆனால் சிரிப்பு வரவில்லை. அது அவர் குற்றம் அல்ல. ஒருவர் தைத்துப் போட்ட சட்டை மற்றவருக்குப் பொருந்துமா?

அயல்நாடுகளில் இவற்றை "சோப்பு நாடகம்" என்கிறார்கள். அமெரிக்காவில் ரேடியோ காலத்தில் பகல் வேளையில், வீட்டில் இருக்கும் பெண்களுக்காக, சோப்புக் கம்பெனிகள் பணம் போட்டு நடத்தியதால் வந்த பெயர். அங்கே ஹெலன் வாக்னர் என்ற நடிகை 1956-ல் நான்சி என்ற வேடத்தில் தோன்றினார். 2010-ல் அவர் இறக்கும்வரை அந்த வேடம் அவருடையதாகவே இருந்தது. இங்கிலாந்தில் வில்லியம் ரோச் 1960 டிசம்பரில் தொடங்கிய கென் பார்லோ வேடத்தைத் தொண்ணூறு வயது தாண்டியும் விடவில்லை. மாரிமுத்துவுக்குக் கிடைத்ததோ பத்தொன்பதே மாதங்கள்!

"எதிர்நீச்சல்" 2024 ஜூன் 8-ந் தேதி முடிந்தது. அதே ஆண்டு டிசம்பர் 23-ல் "எதிர்நீச்சல் தொடர்கிறது" என்று மறுபடி கிளம்பியது. குணசேகரன் வேல ராமமூர்த்தியேதான். இம்முறை ஜனனிக்கும் புதுமுகம். பார்ப்பவர்கள் முதல் வாரம் முணுமுணுத்தார்கள். இரண்டாம் வாரம் அந்தப் பெண்ணையும் ஜனனி என்றே கூப்பிட்டார்கள்.

ஆனால் கைபேசியில் துண்டுத் துண்டாகச் சுற்றிவரும் காட்சிகளில், "இந்தாம்மா" என்று அதட்டுவது இன்னமும் மாரிமுத்துதான்.