கொத்தடிமை முறையும் குடும்பமும்: அரக்கோணம், நெமிலி வட்டார இருளர் தம்பதியரை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்
கொத்தடிமை முறை கணவன், மனைவி, பிள்ளைகள் அடங்கிய குடும்பத்தையே பிணைக்கிறது. மீட்புச் சான்றும் மறுவாழ்வு உதவியும் தனியாளையே அலகாகக் கொள்கின்றன. இம்முரணை அரக்கோணம், நெமிலி வட்டார இருளர் நிலையைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கொத்தடிமை, முன்பணம், படியாள், இருளர், மறுவாழ்வு.

முன்னுரை
கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சிப் பகுதிகளில் ஒருவரை அடிமை என உரிமை கோருவதை நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம் விதித்தது. 1860இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டம் அடிமையை வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கியது. ஆயினும் கடனின் பெயரால் ஆளைப் பிணைக்கும் வழக்கம் நீடித்தது. கில்பர்ட் சிலேட்டர் 1918இல் வெளியிட்ட தென்னிந்தியக் கிராம ஆய்வில், தென்னாற்காட்டு இருவேல்பட்டில் திருமணச் செலவுக்குப் பெற்ற சிறுதொகைக்காகப் படியாட்களானோர் இடம்பெறுகின்றனர். அக்கடன் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கியது. குடும்பம் தொடங்கும் நிகழ்வே அடிமைத்தனத்தின் வாயிலாகவும் அமைந்தது.

முன்பணமும் ‘ஜோடி’ உழைப்பும்
இருளர், தமிழகத்தில் நலிவுற்ற நிலையிலுள்ள தொல்பழங்குடியினராக வகைப்படுத்தப்பட்ட ஆறு சமூகத்தாருள் ஒருவர். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் அவர்தம் வேட்டை சார்ந்த வாழ்வாதாரம் சுருங்கியது. நிலமற்ற பலர் மரம் வெட்டும் தளங்களையும் செங்கல் சூளைகளையும் அரிசி ஆலைகளையும் நாடினர். சூளைகளில் கணவன் மனைவியை ஒரு ‘ஜோடி’யாகக் கொண்டே முன்பணம் தரப்படுகிறது. ஒருவர் மண் குழைக்க மற்றவர் கல் அறுக்கிறார். கூலியோ ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு எனக் கணக்கிடப்படுகிறது. இதனால் மனைவியின் உழைப்பு கணவனின் கணக்கில் கரைந்துவிடுகிறது. நோய்க்கோ இறப்புக்கோ ஒருவர் வெளியே சென்றால் மற்றவர் பிணையாக நிறுத்தப்படுகிறார். தப்பிச் செல்ல இயலாமைக்குப் பூட்டும் காவலும் மட்டுமே காரணமல்ல. குடும்பப் பாசமே தளையாக மாற்றப்படுகிறது.

2019 ஜூலையில் காஞ்சிபுரம் மாவட்டத்திலும் அன்றைய வேலூர் மாவட்டத்தின் நெமிலி வட்டத்திலும் மரம் வெட்டும் தளங்களிலிருந்து 42 பேர் மீட்கப்பட்டனர். அவர்களுள் குழந்தைகளும் இருந்தனர். முதியவர் ஒருவர் அதிகாரியின் காலில் விழுந்து வணங்கிய ஒளிப்படம் பரவலாகப் பேசப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் உருவான இராணிப்பேட்டை மாவட்டத்தில் அரக்கோணமும் நெமிலியும் அடங்கின.

சட்டமும் நடைமுறையும்
1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம், கடனாளி தாமாகவோ தம் குடும்பத்தினர் வாயிலாகவோ செய்யும் கட்டாய உழைப்பைத் தன் வரையறைக்குள் கொண்டுவந்தது. அதன் 6ஆம் பிரிவின்படி கொத்தடிமைக் கடன் அற்றுப்போகிறது. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகப் பெற்று உழைப்பது அரசமைப்பின் 23ஆம் உறுப்பு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என உச்ச நீதிமன்றம் 1982இல் ஆசியாட் தொழிலாளர் வழக்கில் தீர்ப்பளித்தது. இத்தீர்ப்பின் ஒளியில், தனிக் கூலி காட்டப்படாத மனைவியும் கொத்தடிமையே எனக் கொள்ள இடமுண்டு. மறுவாழ்வு இன்றி விடுதலை நிறைவுறாது என்பதை நீரஜா சௌத்ரி வழக்கு (1984) வலியுறுத்தியது.

2016ஆம் ஆண்டின் மத்திய மறுவாழ்வுத் திட்டம் ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் 2 லட்சம், கடும் சுரண்டலுக்கு ஆளானோர்க்கு 3 லட்சம் ரூபாய் என வகுத்தது. பெண்ணைத் தனி உரிமையாளராக ஏற்றது இதன் சிறப்பு. ஆனால் முழுத்தொகை குற்றம் நிறுவப்படுவதோடு இணைக்கப்பட்டது. உடனடி உதவி முதலில் 20,000 ரூபாயாக இருந்து பின்னர் 30,000 ரூபாயாக உயர்ந்தது. மீட்பு நாளில் வெளியே சென்றிருக்கும் துணைவரும் உறவினரிடம் விடப்பட்ட பிள்ளையும் பதிவில் விடுபட வாய்ப்புண்டு. அவ்வாறு விடுபட்டவரைத் தேடி, மீண்டவரே பழைய தளத்திற்குத் திரும்பும் நிலை ஏற்படலாம்.

முடிவுரை
கடன் அற்றுப்போவதால் மட்டும் தம்பதியர் விடுதலை பெறுவதில்லை. மீட்பு விசாரணையின்போதே குடும்பத்தினர் அனைவரையும் பதிவுசெய்து, ஒவ்வொருவர்க்கும் தனிச் சான்றும், குடும்பத்திற்கு மனைப்பட்டா, சாதிச்சான்று, குடும்ப அட்டை, பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை ஆகியனவும் ஒருங்கே வழங்கப்படுதல் வேண்டும். அடுத்த திருமணத்திற்கோ மருத்துவச் செலவிற்கோ மீண்டும் முன்பணம் பெறும் தேவை எழாதபோதே 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் நோக்கம் நிறைவேறும்.