கரும்பில் ஓடிய கார்கள்

1973இல் எண்ணெய் விலை ஏறியபோது பிரேசில் திணறிப்போனது. தனக்குத் தேவையான எண்ணெயில் பெரும்பகுதியை அது வெளியிலிருந்தே வாங்கிக்கொண்டிருந்தது. கையில் தாராளமாக இருந்தது கரும்புதான். 1975இல் கரும்பிலிருந்து எதனோல் வடிக்கும் திட்டத்தை அரசு தொடங்கியது. 1979இல் எதனோலில் மட்டும் ஓடும் பியட் 147 கார் சந்தைக்கு வந்தது. எண்பதுகளின் நடுவில் விற்பனையான புதுக் கார்களில் பத்துக்கு ஒன்பது எதனோல் கார்கள்.

பிறகு நடந்ததைப் பாருங்கள். எண்ணெய் விலை விழுந்தது. சீனி விலை ஏறியது. ஆலைக்காரர்கள் சீனியின் பக்கம் சாய்ந்தார்கள். 1989இல் எதனோலுக்குத் தட்டுப்பாடு. அரசை நம்பிக் கார் வாங்கியவர் என்ன செய்வார்? அவருடைய எஞ்சினுக்குப் பெற்றோல் ஒத்துவராதே! வரிசையில் நின்று சலித்தவர்கள் மெல்ல மெல்லப் பெற்றோல் கார்களுக்கே திரும்பினார்கள்.

2003இல் வந்த வொக்ஸ்வாகன் கோல் கார் இதற்கொரு வழி காட்டியது. பெற்றோலோ எதனோலோ, எந்த அளவில் கலந்து ஊற்றினாலும் ஓடும். கலவையை உணர்ந்து எஞ்சின் தன்னைச் சரிப்படுத்திக்கொள்ளும். ஒரு லீற்றர் எதனோல், பெற்றோல் ஓடும் தூரத்தில் சுமார் 70 வீதம்தான் ஓடும். ஆகவே எதனோலின் விலை பெற்றோல் விலையில் 70 வீதத்துக்குக் கீழே இருந்தால் எதனோல், இல்லையென்றால் பெற்றோல். கணக்கு அவ்வளவுதான்.

எது வேண்டும் என்ற தெரிவு வாகனக்காரர் கைக்கு வந்த பிறகுதான் கரும்பு எரிபொருளில் மக்களுக்கு மீண்டும் நம்பிக்கை பிறந்தது.