கரண்ட் போய் வந்த பிறகு மணி என்ன? லினக்ஸ் கெர்னலின் நேரக் கணக்கு

ஆம்பூர் பக்கம் ஒரு டேனரியில் மீட்டர், லாகர் எல்லாம் பார்த்துக்கிற நேயர் ஒருத்தர் கேட்டிருந்தார்: "ப்ரோ, நைட்டு மூணு மணி நேரம் கரண்ட் இல்ல. வந்ததும் கழிவுநீர் பம்பு பத்து நிமிஷம்தான் ஓடுச்சு. லாக்ல மூணு மணி பத்து நிமிஷம்னு காட்டுது. எப்படி?"

நேரம் தப்பா இருந்தா திருத்திக்கலாமேன்னு தோணும். பாலாற்றங்கரையில் அது அவ்வளவு லேசு இல்ல. மாசுபடுத்தியவரே ஈடு கட்டணும் என்ற கொள்கை நம்ம நாட்டுச் சட்டத்தின் பகுதிதான்னு உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-ல் சொன்னது, இந்த ஊர் டேனரிகள் மேல போட்ட வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் வழக்குலதான். 2014 பிப்ரவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்களும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் ஆன்லைன் கண்காணிப்புக் கருவி வைக்கணும்னு உத்தரவு போட்டது. தோல் பதனிடுதல் அந்த 17-ல் ஒண்ணு. அதனால லாக்ல இருக்கிற நேரம் ஒரு சாட்சி. ஓடாத தண்ணிக்கு மூணு மணி நேரக் கணக்கு ஏறினா, பதில் சொல்றது யாரு?

இப்ப கெர்னலுக்குள்ள போவோம். கம்ப்யூட்டர் போர்டில் ஆர்டிசி-ன்னு சின்ன கடிகார சிப் இருக்கும், பக்கத்துல ஒரு பட்டன் பேட்டரி. கரண்ட் இல்லாதப்போ மணி பார்க்கிறது அதுதான். கெர்னல் பூட் ஆகும்போது அதை ஒரு தடவை படிக்கும். அப்புறம் பிராசசருக்குள்ள ஓடுற கவுண்டரைத்தான் நம்பும். ராஸ்பெரி பை 4-ல் அந்தக் கவுண்டர் நொடிக்கு 5.4 கோடி தடவை கூடும். எத்தனை எண்ணிக்கை கூடியிருக்குன்னு பார்த்து, ஒரு எண்ணால் பெருக்கி, பிட்டுகளை வலப்பக்கம் தள்ளினா நானோ செகண்ட் கிடைச்சிடும். வகுத்தல் மெதுவான வேலை, அதனால இந்த வழி.

நம்ம நேயரோட லாகரில் ஆர்டிசி கிடையாது. ராஸ்பெரி பை 4 வரைக்கும் அந்த போர்டுகளில் அது வந்ததே இல்ல. ஆர்டிசி இல்லாட்டி, நேரம் 1970 ஜனவரி 1-லிருந்து, அதாவது நம்ம ஊர்ல காலை 5.30-லிருந்து தொடங்கணும். ஆனா அந்த ஓஎஸ், கடைசியா தெரிஞ்ச நேரத்தை ஒரு ஃபைலில் எழுதி வச்சு, அதையே திரும்ப ஏத்திக்கும். என்னைக் கேட்டா 1970-ஏ மேல். அது பொய்னு பார்த்ததுமே தெரியும். மூணு மணி நேரம் பின்தங்கின கடிகாரம் நம்புற மாதிரி பொய் சொல்லும்.

பம்பு ஸ்டார்ட் ஆனப்போ லாகர் எழுதினது அந்தப் பழைய நேரம். நடுவுல மோடம் நெட்டைப் பிடிச்சது, என்டிபி சரியான நேரம் கொண்டு வந்தது. சின்ன வித்தியாசம்னா கடிகாரத்தை லேசா வேகப்படுத்தியே சரி பண்ணலாம். அந்த வேகத்துக்கு வழக்கமான உச்சவரம்பு பத்து லட்சத்தில் 500 பங்கு. ஒரு நொடியைச் சரிக்கட்டவே 33 நிமிஷம் ஆகும். மூணு மணி நேரம்னா 250 நாள்! அதனால ஒரே தாவல். பம்பு நின்ன நேரம் தாவலுக்கு அப்புறம் பதிவானது. கழிச்சுப் பார்த்தா 3 மணி 10 நிமிஷம்.

இதுக்குத்தான் கெர்னல் ஒண்ணுக்கு மேல கடிகாரம் தருது. க்ளாக் ரியல்டைம் சுவர்க் கடிகாரம் மாதிரி, திருப்பி வைக்கலாம். க்ளாக் மோனோடானிக் பூட் ஆனதிலிருந்து முன்னாடி மட்டும் போகும், தாவல் அதைத் தொடாது. "எப்போ" என்பதற்கு முதலாவது, "எவ்வளவு நேரம்" என்பதற்கு இரண்டாவது. நேயரோட ப்ரோகிராம் இரண்டுக்கும் ரியல்டைமையே கேட்டிருக்கு. இந்தத் தப்பு எத்தனையோ இடத்துல இருக்கு.

டைம்ஸோனும் கெர்னல் வேலை இல்ல. அதுக்குத் தெரிஞ்சது நொடிகள்தான். 5.30 மணி நேரம் கூட்டுறது வெளியில இருக்கிற ஒரு டேட்டாபேஸ். அதுல கொல்கத்தா மண்டலத்துக்கு 1900-ஐக் கேட்டுப் பாருங்க: 5 மணி 21 நிமிஷம் 10 நொடின்னு வரும். அது மெட்ராஸ் நேரம், 1906-ல் ஐஎஸ்டி வர்றதுக்கு முன்னாடி ரயில் ஓடின நேரம். ராயபுரத்திலிருந்து வாலாஜாவுக்கு 1856-ல் போட்ட பாதையோட வரலாறு இன்னும் உங்க லேப்டாப்பில் கிடக்கு.

சரி, என்ன பண்ணலாம்? டிஎஸ்3231 மாதிரி ஒரு ஆர்டிசி மாட்டுங்க. 40 டிகிரி வரை பத்து லட்சத்தில் 2 பங்குதான் பிசகும், வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு நிமிஷம். வேலூர் வெயிலில் அந்த 40-ஐத் தாண்டுவோம், அப்போ 3.5 பங்கு. என்டிபி-க்கு என்ஐசி இல்லைனா டெல்லி என்பிஎல் சர்வர் வைங்க. 2022 ஏப்ரல் 28-ல் செர்ட்-இன் உத்தரவும் அந்த இரண்டைத்தான் சொல்லுது. ஒவ்வொரு வரியிலும் ரியல்டைம், மோனோடானிக் இரண்டையும் எழுதுங்க. கூடவே, நேரம் இன்னும் ஒத்திசையலைன்னு கெர்னலே ஒரு கொடி வச்சிருக்கு, அட்ஜ்டைமெக்ஸ்-ல் கேட்டா சொல்லும். அந்தக் கொடி இறங்குற வரைக்கும் வர்ற பதிவுகளைத் தனியா குறிச்சு அனுப்புங்க.