‘வெப் புராஜெக்ட்’டை மாணவர்தான் எழுதினாரா? ஐஐடி மெட்ராஸ் பாடம் அதை எப்படிச் சோதிக்கிறது?

கொல்கத்தாவின் நியூ டவுனில் கல்லூரிகளும் ஐடி வளாகங்களும் அக்கம்பக்கம்தான். பிரசிடென்சி பல்கலைக்கழகத்தின் இரண்டாவது வளாகம், செயின்ட் சேவியர்ஸ் பல்கலைக்கழகம், ஆலியா பல்கலைக்கழகம் ஒரு பக்கம். டிசிஎஸ்ஸின் கீதாஞ்சலி பார்க், ஐடி நிறுவனங்களுக்காக ஒதுக்கப்பட்ட ‘பெங்கால் சிலிக்கான் வேலி’ இன்னொரு பக்கம். ஆனால் செமஸ்டர் லேபில் போட்ட ஒரு லாகின் பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு இங்கிருந்து அங்கே போய்விட முடியாது. நம்ம சோழிங்கநல்லூரிலும் இதே கதைதான்.

இந்த இடைவெளியை நிரப்ப ஒரு வழி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. அது சென்னையிலிருந்து நடப்பது. நியூ டவுன் மாணவரும் வீட்டிலிருந்தே சேரலாம்.

அது என்ன பாடம்?

2020-ல் ஐஐடி மெட்ராஸ் தொடங்கிய ஆன்லைன் பட்டப்படிப்பு, இப்போது ‘டேட்டா சயின்ஸ் அண்ட் அப்ளிகேஷன்ஸ்’ பிஎஸ் என்ற பெயரில் நடக்கிறது. ஜேஇஇ தேவையில்லை, நான்கு வாரப் பாடம் படித்து ஒரு தகுதித் தேர்வில் தேற வேண்டும். பாடங்கள் ஆன்லைனில், முக்கியத் தேர்வுகள் நேரில். ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம் என்று யுஜிசி 2022-ல் அனுமதித்துவிட்டதால், கல்லூரியில் படித்துக்கொண்டே இதிலும் சேர முடியும்.

இதன் டிப்ளமோ கட்டத்தில் ‘மாடர்ன் அப்ளிகேஷன் டெவலப்மென்ட்’ என்று இரண்டு பாடங்கள் வரும். ஒவ்வொன்றுக்கும் 4 கிரெடிட். அதோடு ஒவ்வொன்றுக்கும் ஒரு புராஜெக்ட், 2 கிரெடிட், தனிப் பாடமாகவே. தியரியில் மார்க் வாங்கி புராஜெக்ட்டை ஒப்பேத்திவிட முடியாது என்பதுதான் இதில் முக்கியம்.

‘அட்வான்ஸ்டு’ என்றால் என்ன?

முதல் பாடத்தில் ஃபிளாஸ்க், எஸ்கியூலைட், பூட்ஸ்டிராப் வைத்து முழு ஆப் ஒன்றைக் கட்ட வேண்டும். இரண்டாவதில் அதே மாதிரி ஆப்பை வியூ ஜேஎஸ், ரெடிஸ், செலரி சேர்த்துத் திரும்பக் கட்ட வேண்டும். மளிகைக் கடை, வினாடி வினா, வாகன பார்க்கிங் என்று ஒவ்வொரு முறையும் தலைப்பு மாறும்.

பார்க்கிங் ஆப்பையே எடுத்துக்கொள்வோம். பயனர் இடத்தைத் தேர்வு செய்ய முடியாது. காலியாக இருப்பதில் முதல் இடத்தை ஆப்பே ஒதுக்க வேண்டும். கேட்க ஈஸியாக இருக்கும். ஒரே ஒரு இடம் மிச்சம் இருக்கும்போது இரண்டு பேர் ஒரே நொடியில் பட்டனை அழுத்தினால்? ‘காலியா?’ என்று பார்ப்பதும் ‘ஒதுக்கு’ என்று எழுதுவதும் கோடில் தனித்தனி வேலைகள். இரண்டுக்கும் நடுவே இன்னொரு கோரிக்கை நுழைந்துவிட்டால் ஒரே இடம் இரண்டு காருக்குப் போய்விடும். அந்த இரண்டு வேலையையும் பிரிக்க முடியாதபடி ஒரே டிரான்சாக்‌ஷனாக்க வேண்டும், அல்லது ஒரே இடத்துக்கு இரண்டு பதிவு விழாதபடி டேட்டாபேஸிலேயே விதி வைக்க வேண்டும். இதைப் புத்தகத்தில் படிப்பவருக்கு மறந்துபோகலாம். தன் ஆப் சொதப்பிப் பார்த்தவருக்கு மறக்காது.

செலரி எதற்கு?

ஹோட்டலில் ஆர்டர் எடுக்கும் சப்ளையரே உள்ளே போய் பரோட்டா போட ஆரம்பித்தால் மற்ற டேபிள்கள் காத்துக் கிடக்கும். அவர் சீட்டைக் கிச்சனில் கொடுத்துவிட்டு அடுத்த டேபிளுக்குப் போகிறார் அல்லவா? செலரி அந்தக் கிச்சன். எல்லாப் பயனர்களுக்கும் மாத அறிக்கையை மெயில் அனுப்புவது, பெரிய சிஎஸ்வி ஃபைல் தயாரிப்பது போன்ற வேலைகள் அங்கே போகும். ரெடிஸ் இங்கே இரட்டை வேலை பார்க்கிறது: சீட்டுகளை வரிசையில் வைத்திருப்பது ஒன்று, அடிக்கடி கேட்கப்படும் பதில்களை நினைவில் வைத்திருப்பது இன்னொன்று. அந்த நினைவு பழசாகிவிட்டால், அட்மின் நீக்கிய பார்க்கிங் இடம் பயனருக்குத் தொடர்ந்து தெரியும். எப்போது அழிக்க வேண்டும் என்பதுதான் தலைவலி.

ஏஐ எழுதிக் கொடுத்துவிடாதா?

கொடுக்கும். இந்த அளவு ஆப்பை இன்றைய ஏஐ கருவிகள் சீக்கிரமே எழுதிவிடும். முன்பு சீனியரிடம் வாங்கிய பென் டிரைவ், இப்போது சாட்ஜிபிடி, அவ்வளவுதான் வித்தியாசம். அதனால்தான் கோடை அனுப்புவதோடு வேலை முடிவதில்லை, வைவா இருக்கிறது. தன் கணினியில் ஆப்பை ஓட்டிக் காட்டி, கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். ‘இந்த டேபிளில் ஃபாரின் கீ ஏன்?’, ‘இந்த வரியை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?’ மாதிரியான கேள்விகளுக்கு எழுதியவர் யோசித்துச் சொல்வார், ஒட்டியவர் திணறுவார். ஃபிரெஷர்களை இன்டர்வியூ செய்பவர்களும் இதைத் தாராளமாகக் காப்பியடிக்கலாம்.

குறை இல்லையா?

இருக்கிறது. ஆப் மாணவரின் லேப்டாப்பில் ஓடினால் போதும்; வெளியே டெப்ளாய் செய்ய வேண்டிய கட்டாயமில்லை. தனியாள் வேலை என்பதால், அடுத்தவர் எழுதிய கோடைப் படித்துத் திருத்தும் பழக்கம் இதில் வராது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே கையில் வருவது அடுத்தவர் கோடுதான். இந்த இரண்டுக்கும் கல்லூரிகளின் கடைசி வருட குழு புராஜெக்ட்தான் சரியான இடம். நான்கு பேரில் ஒருவர் மட்டும் வேலை செய்யும் வழக்கம் அங்கே மாற வேண்டும். நால்வரையும் தனித்தனியாக உட்கார வைத்து வைவா எடுத்தாலே பாதி பிரச்னை தீரும்.

சேராமலேயே படிக்க முடியுமா?

முடியும். வகுப்பு வீடியோக்கள் யூடியூபில் இலவசமாகவே கிடைக்கின்றன. வைவாதான் கிடைக்காது, அதற்கு உங்கள் டீமில் இருக்கும் ஒரு சீனியரைப் பிடிக்க வேண்டியதுதான்.