புதிய கணினி இயங்க மறுக்கும்போது

வெளி மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், மேஜைக் கணினியைப் பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே பொருத்திக்கொள்ளும் வழக்கம் பரவியிருக்கிறது. தில்லியில் நேரு பிளேஸ், மும்பையில் லாமிங்டன் ரோடு, பெங்களூரில் எஸ்.பி. ரோடு, கொல்கத்தாவில் சாந்தினி சௌக் ஆகிய கடைத்தெருக்களில் பிள்ளைகளுடன் ஏறி இறங்கிய அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. கையிலிருக்கும் பணத்துக்கு ஏற்ப ஒவ்வொரு பாகத்தையும் தேர்ந்தெடுக்கலாம். பிற்காலத்தில் வேண்டியதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கும் ஒரு தொழில் பழகும். ஆகையால் இவ்வழக்கம் வரவேற்கத்தக்கதே.

ஆனால் இதில் ஒரு சோதனையான கட்டம் உண்டு. எல்லாவற்றையும் பொருத்தியாயிற்று, வீட்டார் சூழ்ந்து நிற்கின்றனர், பொத்தானை அழுத்துகிறோம், ஒன்றும் நிகழவில்லை. அல்லது விசிறிகள் சுழல்கின்றன, திரையோ இருண்டே கிடக்கிறது. அப்போது மனத்தில் எழும் முதல் எண்ணம், கடைக்காரர் பழுதான சாமானைத் தலையில் கட்டிவிட்டார் என்பதே. அந்த எண்ணம் பெரும்பாலும் தவறானது. பாகங்கள் கெட்டிருப்பதைவிட, அவற்றை இணைத்ததில் ஏதேனும் விட்டுப்போயிருப்பதே அதிகம்.

இதை நாம் பிறர் சொல்லக் கேட்டுச் சொல்லவில்லை. தில்லியில் எங்கள் வீட்டிலேயே நிகழ்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து பொருத்திய கணினியில் விசிறிகள் சுழன்றன. திரையில் ஒளி வரவில்லை. பிராசசர் சரியாக உட்காரவில்லையோ என்ற ஐயத்தில் அதை இருமுறை கழற்றி மாட்டினோம். மறுநாள் கடைக்குக் கொண்டுபோனபோது அங்கிருந்த இளைஞர் இரண்டு விஷயங்களைக் காட்டினார். ஒன்று, பிராசசருக்கு மின்சாரம் தரும் 8 பின் இணைப்பை நாங்கள் மாட்டவே இல்லை. மற்றொன்று, கழற்றி மாட்டிய அவசரத்தில் மதர்போர்டின் சாக்கெட்டிலுள்ள மெல்லிய பின்களில் சில வளைந்துபோயிருந்தன. முதலாவது, அரை நிமிஷத்தில் தீர்ந்திருக்கக்கூடிய மறதி. இரண்டாவது, கோளாற்றைத் தேடப் புகுந்த நாங்களே உண்டாக்கிய கோளாறு. வளைந்த பின்னுக்கு உத்தரவாதம் செல்லாது என்று கடைக்காரர் கூறியதில் நியாயம் இருந்தது. புதிய மதர்போர்டு ஒன்று வாங்கவேண்டியதாயிற்று.

கணினி இயங்காதபோது எங்கே தேடுவது என்பதைவிட, எந்த வரிசையில் தேடுவது என்பதே முக்கியம். அந்த வரிசையை அறிய, பொத்தானை அழுத்தியதும் உள்ளே நிகழ்வதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

எஸ்.எம்.பி.எஸ். என்று கடைகளில் வழங்கும் மின்பெட்டி, சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் என்னும் நேர்திசை மின்சாரங்களாக மாற்றித் தருகிறது. கணினி அணைந்திருக்கும் வேளையிலும் 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் மதர்போர்டுக்கு வந்துகொண்டே இருக்கும். பொத்தானை அழுத்தும்போது மதர்போர்டு மின்பெட்டியை எழுப்புகிறது. மின்பெட்டி தன் மின்சாரங்கள் நிலைப்பட்டதும், அரை வினாடிக்குள், ‘எல்லாம் சரி’ என்று ஒரு குறிப்பை அனுப்புகிறது. அதன் பிறகே பிராசசர் விழித்து, பயாஸ் என்னும் தொடக்கக் கட்டளைத் தொகுதியைப் படிக்கிறது. அக்கட்டளைகள் முதலில் பிராசசரையும், அடுத்து ராம் என்னும் நினைவகத்தையும், பின்னர் திரைக்குப் படம் அனுப்பும் பகுதியையும் பரிசோதிக்கின்றன. இந்தச் சுயபரிசோதனைக்குப் போஸ்ட் என்று பெயர். 1981-ல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட பி.சி.யில் இப்பரிசோதனை நல்லபடியாக முடிந்தால் ஒரு சிறு ‘பீப்’ ஒலி கேட்கும். உறுப்புகள் எத்தனையோ மாறியும், பரிசோதிக்கும் முறை அடிப்படையில் அதுவே.

ஆகவே கோளாறுகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். சிறிதும் உயிர் இல்லாமை ஒன்று. உயிர் இருந்தும் படம் வராமை மற்றொன்று. தொடங்கித் தொடங்கி நின்றுபோதல் இன்னொன்று. உங்கள் கணினி எந்த வகையைச் சேர்ந்தது என்று கண்டுகொண்டாலே தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

முதல் வகையில், சுவரிலிருந்து தொடங்குவோம். அதே பிளக்கில் ஒரு மேஜை விளக்கை மாட்டி எரிகிறதா என்று பார்க்க வேண்டும். மின்பெட்டியின் பின்புறத்தில் ஒரு சுவிட்சு உண்டு. அதில் கோடு போன்ற குறியின் பக்கம் அழுந்தியிருந்தால் மின்சாரம் செல்லும், வட்டத்தின் பக்கம் அழுந்தியிருந்தால் செல்லாது. பழைய மின்பெட்டிகள் சிலவற்றில் 115, 230 என்று எழுதிய வேறொரு சிறு சுவிட்சும் இருக்கும். நம் நாட்டில் அது 230-ல் இருந்தே ஆகவேண்டும். 115-ல் வைத்து மின்சாரம் செலுத்தினால் மின்பெட்டி கருகிவிடும்.

அடுத்து, மதர்போர்டில் மாட்டும் 24 பின் கொண்ட பெரிய இணைப்பு. இது உட்காருவதற்கு நாம் எதிர்பார்ப்பதைவிட அதிக அழுத்தம் தேவை. பக்கத்திலுள்ள கொக்கி ‘க்ளிக்’கென்று விழுந்தால்தான் முழுவதும் மாட்டியதாகப் பொருள். பிறகு, கேபினெட்டின் முகப்புப் பொத்தானிலிருந்து வரும் மெல்லிய இரட்டைக் கம்பி. மதர்போர்டின் மூலையில் நெருக்கமாக நிற்கும் சிறு பின்களில் எந்த இரண்டில் அதை மாட்டுவது என்பது உடன் வரும் கையேட்டில் வரைந்து காட்டப்பட்டிருக்கும். ஓர் இடம் தள்ளி மாட்டினாலும் பொத்தான் பயன்படாது. பொத்தான்மீதே ஐயம் இருந்தால், கம்பியைக் கழற்றிவிட்டு அவ்விரு பின்களையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு கணம் தொடலாம். பொத்தான் செய்யும் வேலையும் அதுவே. கணினி எழுந்துவிட்டால், குறை பொத்தானிலோ அதன் கம்பியிலோதான் இருக்கிறது. ஆனால் வேறு பின்களில் நுனி படாதபடி கவனமாயிருக்க வேண்டும்.

இரண்டாம் வகையே பெரும்பாலோருக்கு நேருவது. விசிறி சுழல்கிறது, விளக்கு எரிகிறது, படம் மட்டும் இல்லை. இங்கே முதல் மருந்து பொறுமை. டி.டி.ஆர். 5 வகை நினைவகம் பொருத்திய கணினி, முதன்முறை தொடங்கும்போது அந்நினைவகத்தோடு ஒத்துப்போகத் தன்னைப் பழக்கிக்கொள்கிறது. அதற்குச் சில நிமிஷங்கள் பிடிக்கலாம். அதுவரை திரை இருண்டிருக்கும். ஓரிரு முறை தானே அணைந்து எழுவதும் உண்டு. இதை அறியாமல் மின்சாரத்தை நிறுத்தினால், அந்தப் பழக்கம் மறுபடியும் தொடக்கத்திலிருந்து நடைபெறும். ஆகவே பத்து நிமிஷம் காத்திருந்து பார்ப்பது நல்லது.

காத்திருந்தும் பயனில்லையாயின், எங்களை ஏமாற்றிய இணைப்பைப் பாருங்கள். மதர்போர்டின் மேல் விளிம்பில், பிராசசருக்கு அருகே, 4 அல்லது 8 பின் கொண்ட இணைப்பு ஒன்று உண்டு. அது மாட்டப்படாவிட்டாலும் விசிறிகள் சுழலக்கூடும். பிராசசர் மட்டும் விழிக்காது. கிராபிக்ஸ் கார்டுக்கு உரிய 8 பின் கம்பி தோற்றத்தில் இதைப் போன்றதே. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. முன்னதில் சி.பி.யு. என்றும் பின்னதில் பி.சி.ஐ.இ. என்றும் எழுதியிருக்கும்.

பின்னர் மானிட்டரின் கம்பி. தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் அக்கம்பியை அந்தக் கார்டிலேயே மாட்ட வேண்டும். பழக்கத்தால் மதர்போர்டின் துளையில் மாட்டிவிட்டுத் திகைப்பவர் பலர். இன்டெல் நிறுவனத்தின் பிராசசர்களில் பெயரின் இறுதியில் ‘எஃப்’ எழுத்து கொண்டவற்றுக்குப் படம் அனுப்பும் திறன் கிடையாது; அவற்றோடு கார்டு இன்றியமையாதது. மானிட்டரும் கம்பி மாட்டிய துளையைத்தான் கவனிக்கிறதா என்று அதன் பொத்தானைக் கொண்டு சரிபார்க்க வேண்டும்.

அடுத்தது ராம். நான்கு பள்ளங்கள் கொண்ட மதர்போர்டுகளில் ஒரே ஒரு ராம் பலகையைப் பெரும்பாலும் பிராசசரிலிருந்து இரண்டாவதாக உள்ள பள்ளத்திலும், இரண்டு இருந்தால் இரண்டாவதிலும் நான்காவதிலும் மாட்டச் சொல்வார்கள். ஒரு முனை மட்டும் விழுந்து மறுமுனை அரைகுறையாக நிற்பது சாதாரணம். கழற்றிவிட்டு, இரு முனைகளையும் கட்டைவிரலால் ஒருசேர அழுத்துங்கள். பிறகு ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்து, அடுத்து மற்றதை மட்டும் வைத்துப் பாருங்கள்.

இக்காலத்து மதர்போர்டுகள் பலவற்றில் இதற்கு உதவியாக நான்கு சிறு விளக்குகள் உண்டு. சி.பி.யு., டி.ராம், வி.ஜி.ஏ., பூட் என அவற்றின் அருகே பொறித்திருக்கும். பரிசோதனை ஒவ்வொரு படியாகச் செல்லும்போது அவை எரிந்து அணையும். எந்த விளக்கு அணையாமல் நிற்கிறதோ அந்தப் படியில் தடை இருக்கிறது. இதை முதலிலேயே பார்த்திருந்தால் நாங்கள் ராமையும் கார்டையும் தொட்டிருக்கவே மாட்டோம்.

எல்லாம் சரியாயிருந்தும் சி.பி.யு. விளக்கு அணையவில்லையானால், மதர்போர்டின் பயாஸ் பிராசசரைவிடப் பழையதாக இருக்கலாம். ஏ.எம்.டி. நிறுவனத்தின் பி450 மதர்போர்டுகள் 2018-ல் வந்தவை. ரைசன் 5000 வரிசைப் பிராசசர்கள் 2020-ல் வந்தவை. பின்னதை முன்னதில் பொருத்த, பயாஸைப் புதுப்பித்தாக வேண்டும். பிராசசர் விழிக்காமலே, யு.எஸ்.பி. பென் டிரைவ் வழியாகப் புதுப்பிக்கும் வசதி சில மதர்போர்டுகளில் இருக்கிறது. இல்லாவிட்டால் கடையில் செய்து தருவார்கள்.

மூன்றாம் வகையில், கணினி சில வினாடிகள் இயங்கி நின்றுவிடும். பிராசசரின் மேல் அமரும் கூலர் நன்றாகப் படியாமலிருக்கலாம். அதன் அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்க மறந்திருக்கலாம். வெப்பம் மிகுந்தால் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும். மற்றொரு காரணம், மதர்போர்டைத் தாங்கும் பித்தளைக் குமிழ்களில் ஒன்று, துளை இல்லாத இடத்தில் நின்று பின்புறத்தைத் தொடுவது. அதனால் மின்சாரம் குறுக்கே பாய்ந்து மின்பெட்டி தானே அணைந்துவிடும்.

இவை எதிலும் விடை கிடைக்காவிட்டால் கடைசி வழி ஒன்று இருக்கிறது. மதர்போர்டைக் கேபினெட்டிலிருந்து எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வையுங்கள். பிராசசர், கூலர், ஒரு ராம், மின்பெட்டி, தேவையானால் கிராபிக்ஸ் கார்டு ஆகியவற்றை மட்டும் இணைத்துத் தொடங்குங்கள். படம் வந்துவிட்டால், மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் தொடங்கிப் பாருங்கள். ஒரே சமயத்தில் இரண்டை மாற்றினால் எதனால் குணமாயிற்று, எதனால் கெட்டது என்று தெரியாமற் போகும்.

செய்யத்தகாதவற்றையும் சொல்லிவிடுகிறோம். எதைக் கழற்றினாலும் முதலில் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். மின்பெட்டியை ஒருபோதும் திறக்கலாகாது. பிளக்கை எடுத்த பின்னும் அதனுள் உயிருக்கு ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும். ஒரு மின்பெட்டியோடு வந்த கம்பியை வேறொரு மின்பெட்டியில் மாட்டலாகாது. முனை பொருந்தினாலும் உள்வரிசை மாறியிருக்கலாம். வட இந்தியக் குளிர்காலத்தின் வறண்ட காற்றில் கம்பளி உடுத்தியிருக்கும்போது உடலில் நிலைமின்சாரம் சேரும்; பாகங்களைத் தொடுமுன் கேபினெட்டின் வண்ணம் பூசாத உலோகத்தைத் தொட்டுக்கொள்ள வேண்டும். கேபினெட்டைத் தொட்டால் கை சுருக்கென்றால், வாடகை வீட்டின் எர்த் இணைப்பு சரியில்லை என்று ஐயுற்று எலெக்ட்ரீஷியனை அழைப்பதே முறை. பிராசசரைக் கழற்றுவதை எல்லா வழிகளுக்கும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைக்குத்தான் போகவேண்டும் என்றால், தயக்கம் வேண்டாம். இந்தி வராதே, கன்னடம் வராதே என்று ஒதுங்கிப் பிள்ளையை மட்டும் அனுப்பும் பெற்றோர் நம்மிடையே இருக்கிறார்கள். ராம், எஸ்.எம்.பி.எஸ்., கேபினெட் என்னும் சொற்கள் ரிச்சி தெருவில் வழங்குவது போலவே நேரு பிளேஸிலும் வழங்குகின்றன. பில்லையும், அட்டைப்பெட்டிகளையும், சாக்கெட்டை மூடியிருந்த பிளாஸ்டிக் மூடியையும் பத்திரப்படுத்தி எடுத்துச் செல்லுங்கள். பிராசசரைப் பொருத்துமுன் சாக்கெட்டைப் படம் பிடித்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. எந்த விளக்கு எரிந்து நிற்கிறது, எவற்றை மாற்றிப் பார்த்தோம், என்ன கண்டோம் என்று ஒரு தாளில் குறித்துக் கொடுங்கள். அந்தத் தாளைக் காணும் கடைக்காரர், விஷயம் அறிந்தவரோடு பேசுகிறோம் என்று உணர்ந்து நடந்துகொள்வார்.

எங்கள் கணினி இன்று நன்றாக இயங்குகிறது. அதில் எங்கள் பிள்ளை தன் படிப்பை முடித்தும்விட்டான். வளைந்த பின்களோடு அந்தப் பழைய மதர்போர்டு இன்னும் அலமாரியில் இருக்கிறது. உறவினர் வீடுகளில் புதிய கணினி பொருத்தும் நாளில் அவன் அதையும் எடுத்துச் சென்று, முதலில் அதைக் காட்டிவிட்டுத்தான் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்கிறான்.